ரோமில் இரண்டு ஸ்டார் ஓட்டல்: அப்பா அம்மாவோடு தங்கலாமா?

கேள்வி இதுதான்: அக்டோபர் கடைசியில் அப்பா அம்மாவுடன் ரோமுக்குப் போகிறீர்கள், ஐந்து இரவு. தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு ஸ்டார் ஓட்டல் கட்டுபடியாகிற விலையில் கிடைக்கிறது. தங்கிவிட்டு வந்தவர்களில் பாதிப் பேர் "நல்ல இடம், நல்ல மனிதர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். மீதிப் பேர் "சின்ன ரூம், பழைய கட்டடம், ஒரே சத்தம்" என்கிறார்கள். யாரை நம்புவது, புக் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பல வருடங்களாக வேலை விஷயமாகவும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டும் ரோமில் இந்த மாதிரி இடங்களில்தான் தங்கி வருகிறேன். தெர்மினியைச் சுற்றியுள்ள மலிவான ஓட்டல்களில் பெரும்பாலானவை ஓட்டலாகக் கட்டப்பட்டவை அல்ல. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் அவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

1870இல் ரோம் இத்தாலியோடு சேர்ந்தது, அடுத்த வருடம் தலைநகரமானது. அரசு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க, அவர்களுக்காக தெர்மினியைச் சுற்றியுள்ள எஸ்கிலினோ, காஸ்த்ரோ பிரத்தோரியோ பகுதிகளில் ஐந்தாறு மாடிக் குடியிருப்புகளை வரிசையாகக் கட்டினார்கள். நடுவில் முற்றம், தெருவைப் பார்த்து யானை நுழையும் அளவுக்கு மரக்கதவு, உயரமான கூரை. பிற்பாடு அந்த வீடுகளில் பல, அறை வாடகைக்கு விடும் 'பென்சியோனே'க்களாக மாறின. 1983ஆம் வருடச் சட்டம் எல்லாவற்றையும் ஸ்டார் கணக்குக்குள் கொண்டுவந்தபோது அந்தப் பென்சியோனேக்கள் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் ஓட்டல்கள் ஆயின. இன்றைக்கும் சில வாசல்களில் பழைய பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருக்கும்.

ஆகவே நீங்கள் பார்க்கிற ஓட்டல் அநேகமாக ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியோ நான்காவது மாடியோதான், முழுக் கட்டடம் இல்லை. மேலே ஒரு வக்கீல் அலுவலகம், கீழே ஒரு பல் டாக்டர், பக்கத்தில் இன்னொரு ஓட்டல் என்று இருக்கும். ஒரு பெரிய கூடத்தை நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டு அறையாக்கியிருப்பார்கள். பக்கத்து அறையில் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்பதும், கூரை வானத்தில் இருக்க அகலம் மட்டும் கட்டிலோடு முடிந்துவிடுவதும் அதனால்தான். குளியலறை பின்னால் சேர்த்தது, அதனால் அது அலமாரி அளவுக்குத்தான் இருக்கும். ஓட்டல்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று: ஸ்டார் என்பது வசதிகளின் கணக்கு. ரிசப்ஷனில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கிறார், என்னென்ன சேவை உண்டு என்பதையெல்லாம் வைத்துத் தருவது. சுத்தத்துக்கு அதில் இடமில்லை. பளிங்குத் தரையைத் தினமும் துடைத்துக் கண்ணாடிபோல் வைத்திருக்கும் ஒரு ஸ்டார் இடத்திலும் தங்கியிருக்கிறேன், திரைச்சீலையைத் தொட்டால் தூசி பறக்கும் மூன்று ஸ்டாரிலும் தங்கியிருக்கிறேன். சுத்தத்துக்குக் கடந்த இரண்டு மாதத்தில் தங்கியவர்கள் சொல்வதை மட்டும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டு உதவாது.

அப்பா அம்மா விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது லிஃப்ட். என் அத்தையை முதல் தடவை கூட்டிக்கொண்டு போன இரவு நன்றாக நினைவிருக்கிறது. மணி பத்து. பெரிய கதவுக்குப் பக்கத்தில் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். ஓட்டல் பெயரைத் தேடி அழுத்தினேன். "தெர்ட்சோ பியானோ" என்றது குரல், அதாவது மூன்றாவது மாடி. 'டக்' என்று சின்னக் கதவு திறந்தது. உள்ளே மாடிப்படி சுற்றிச் சுற்றி ஏற, அதன் நடுவில் இரும்புக் கம்பிக் கூண்டு. அதுதான் லிஃப்ட். வெளியே ஒரு கதவு, உள்ளே இரட்டை மரக்கதவு. இரண்டு பேரும் ஒரு பெட்டியும் நின்றால் நிறைந்துவிடும். பொத்தானை அழுத்தினால் வரவில்லை. மேலே யாரோ உள்கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தார்கள். எல்லாக் கதவும் மூடியிருந்தால்தான் அது நகரும். முதல் மாடியில் ஒரு பாட்டி வெளியே வந்து கூண்டுக்குள் முகத்தை வைத்து "அஷென்சோரே!" என்று கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். எங்கோ மேலே கதவு சாத்தும் சத்தம். லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கி வந்தது. அத்தை அந்தப் பாட்டியைப் பார்த்துக் கைகூப்பினார். மறுநாளிலிருந்து லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் உள்கதவு, வெளிக்கதவு இரண்டையும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

லிஃப்டே இல்லாத கட்டடங்களும் நிறைய உண்டு. மாடிக் கணக்கு நம்மூர் மாதிரிதான், தரைத்தளத்தைச் சேர்க்கமாட்டார்கள். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் ஓர் அரைமாடி இருந்தால் அதையும் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். கூரை உயரம் என்பதால் ஒரு மாடிக்கு இருபதுக்கு மேல் படிகள். "மூன்றாவது மாடி" என்றால் முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய ஏற்றம். லிஃப்ட் இருக்கிறதா, தரையிலிருந்தே ஏறலாமா, இல்லை லிஃப்டுக்கு முன்னால் நாலைந்து படி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பலர் அந்த நாலைந்து படியைச் சொல்வதே இல்லை.

அடுத்தது தெரு. 'தெர்மினிக்குப் பக்கம்' என்பதில் இரண்டு உலகம் இருக்கிறது. நிலையத்தின் வடக்குப் பக்கம் வியா மர்சாலா. அதற்கு அப்பால் வியா மஜெந்தா, வியா பலெஸ்த்ரோ, காஸ்த்ரோ பிரத்தோரியோ. பல்கலைக்கழகமும் தேசிய நூலகமும் அருகில் இருப்பதால் மாணவர் நடமாட்டம் உண்டு, இரவில் ஓரளவு அமைதி. தெற்குப் பக்கம் வியா ஜொலித்தி. நிலையச் சுவரை ஒட்டி நீளமாகப் போகும் தெரு அது, இரவில் வெறிச்சென்று இருக்கும், வீடில்லாதவர்கள் சுவரோரம் படுத்திருப்பார்கள். அவர்களால் உங்களுக்கு ஆபத்து வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டியோடு இரவு பதினோரு மணிக்கு அம்மாவை அந்த வழியாக நடத்திக்கொண்டு போக எனக்கு மனம் வராது. அதே தெற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பியாட்சா வித்தோரியோ. சுற்றிலும் தூண் வைத்த நடைபாதை, நடுவில் பூங்கா, பக்கத்தில் எஸ்கிலினோ சந்தை. வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் அங்கே கிடைக்கும். வங்கதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள் ஏராளம். எனக்கு ரோமில் மிகவும் பிடித்த பகுதி அது.

சாந்தா மரியா மஜோரே பேராலயமும் அந்தப் பக்கம்தான், நிலையத்திலிருந்து சில நிமிட நடை. 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அப்பா அம்மாவுக்கு அதில் விருப்பமிருந்தால், காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் நடந்தே போய் வரலாம் என்பது இந்த இடத்தின் பெரிய வசதி. கொலோசியத்துக்கும் நடந்தால் அரை மணி நேரத்துக்குள்தான்.

நிலையத்தின் பரபரப்பே வேண்டாம் என்றால் மெட்ரோ A தடத்தில் சான் ஜொவான்னி, ரே தி ரோமா நிலையங்களைச் சுற்றித் தேடுங்கள். அங்கே ரோம்காரர்கள் குடியிருக்கிறார்கள், காபிக் கடையில் விலையும் குறைவு. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிகள் இன்னொரு வழி. 'காசா பெர் ஃபேரியே' என்பார்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் சிலுவை, அவ்வளவுதான். சுத்தம் பிரமாதமாக இருக்கும், எந்த மதத்தவரும் தங்கலாம். பல இடங்களில் இரவு பதினோரு மணி வாக்கில் வாசலைச் சாத்திவிடுவார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டு ஸ்டார் ஓட்டலைவிட இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

சரி, பணத்துக்கு வருவோம். திரையில் காட்டுகிற விலையில் நகராட்சியின் தங்கும் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 2023 அக்டோபரில் உயர்த்தியபடி, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஒரு ஸ்டாரில் 4 யூரோ, இரண்டு ஸ்டாரில் 5, மூன்று ஸ்டாரில் 6. பத்து வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு இல்லை, பத்து இரவுக்கு மேல் தங்கினால் பத்தோடு நின்றுவிடும். உங்களுக்கு மூன்று பேர், ஐந்து இரவு: 75 யூரோ. ஓட்டலில் நேரில் வாங்குவார்கள். ரொக்கமாகத் தந்தால் நல்லது என்று சிலர் கேட்பார்கள். கார்டை மறுக்கக் கூடாது என்பது இத்தாலியச் சட்டம், அதனால் கார்டை நீட்டலாம், எப்படித் தந்தாலும் ரசீது வாங்குங்கள். காலை உணவு சேர்த்தியா, ஏசிக்குத் தனிக் காசா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அக்டோபர் கடைசி என்பதால் ஏசி தேவைப்படாது.

தேவைப்படப்போவது போர்வை. ரோமில் குடியிருப்புகளின் பொது ஹீட்டரை நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மிகாமல் ஓட்டலாம் என்பது விதி.  உங்கள் ஓட்டல் ஒரு மாடியில் மட்டும் இருந்து, கட்டடம் முழுமைக்கும் ஒரே பாய்லர் என்றால், கட்டடத்தின் நேரம்தான் ஓட்டலின் நேரமும். அக்டோபர் 28இல் ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. போய்ச் சேர்ந்த உடனேயே ஆளுக்கு ஒரு கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக் கட்டிலில் போட்டுவிடுங்கள், இரவு பன்னிரண்டு மணிக்குத் தேட ஆள் இருக்காது.

கட்டில் பெயர்களில் தடுமாறாமல் இருக்க வேண்டும். 'மத்ரிமோனியாலே' என்றால் இரட்டைக் கட்டில், பல இடங்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரே விரிப்பு. 'தோப்பியா' என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். 'அல்லா ஃபிராஞ்சேசே' என்று போட்டிருந்தால் அது ஒன்றரைக் கட்டில், அப்பா அம்மா இருவருக்கும் இடம் போதாது. 'திரிப்ளா' என்பது மூவர் அறை, மூன்றாவது கட்டில் மடக்குக் கட்டிலாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அதில் நீங்கள் படுத்துக்கொள்வீர்கள். 'பாஞ்ஞோ இன் கொமூனே' என்றால் குளியலறை மற்ற அறைக்காரர்களோடு பொது. 'பிரிவாத்தோ எஸ்தெர்னோ' என்பது உங்களுக்கு மட்டுமானது, ஆனால் நடைக்கூடத்தில் இருப்பது, சாவி தருவார்கள். இளைஞர்களுக்கு இது நல்ல மிச்சம். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிற பெரியவர்களுக்கு வேண்டாம்.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். குழாயில் C என்று போட்டிருந்தால் அது வெந்நீர். 'கால்தோ' என்றால் சூடு. குளிர்ந்த தண்ணீர் F பக்கம், 'ஃப்ரெத்தோ'. C-ஐ ஆங்கிலமாக எண்ணித் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்பா அம்மாவுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள். அப்புறம், ஷவருக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். விளக்குக்கோ துணி காயப்போடவோ அல்ல, உள்ளே யாராவது விழுந்துவிட்டால் இழுப்பதற்கான அபாயக் கயிறு. இழுத்தால் ரிசப்ஷனில் மணி அடிக்கும். இது என்ன என்று பெரியவர்களுக்கு நிதானமாகச் சொல்லிவைத்தால் தேவையான நேரத்தில் உபயோகப்படும்.

கழிப்பறைக்குப் பக்கத்தில் இன்னொரு பீங்கான் தொட்டி இருக்கும், அது பிதே. கழுவிக்கொள்வதற்கானது. வீடுகளில் ஒரு பாத்ரூமிலாவது பிதே இருக்க வேண்டும் என்று 1975இலேயே ஆணை போட்ட நாடு இது. கண்டிப்பாகத் தண்ணீர் வேண்டும் என்கிற நமக்கு ஐரோப்பாவில் இவ்வளவு இணக்கமான தேசம் வேறில்லை. பக்கத்தில் தொங்குகிற சின்னத் துண்டு அதற்குத்தான், முகம் துடைக்க அல்ல. ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் எடுத்துப்போனால் பெரியவர்களுக்கு இன்னும் சௌகரியம்.

ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பு. ஷவர் தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. நம் வீட்டில் போல மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் அறைக்குள் வரும், அல்லது கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். சின்ன பாய்லர் வைத்த இடங்களில் மூன்றாவது ஆளுக்கு வெந்நீர் தீர்ந்துவிடுவதும் உண்டு, அரை மணி இடைவெளி விட்டால் மறுபடி சூடாகும்.

அறையில் கெட்டில் இருக்காது. கையோடு கொண்டுபோனாலும், பழைய கட்டடத்தின் மின்சாரம் தாங்காமல் ஃபியூஸ் போகலாம், பல ஓட்டல்கள் அறையில் சமைப்பதையும் கெட்டில் போடுவதையும் தடை செய்கின்றன. ரிசப்ஷனில் கேட்டால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் தருவார்கள். இத்தாலிய பிளக்கில் மூன்று துளையும் ஒரே வரிசையில் இருக்கும். நம் மெல்லிய இரண்டு பின் சார்ஜர்கள் பெரும்பாலும் பொருந்தும், மூன்று பின் பொருந்தாது. குடிக்கக் குழாய்த் தண்ணீர் நல்லது. தெருவில் 1874இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'நசோனே' இரும்புக் குழாய்கள் நகரம் முழுக்க சுமார் 2500 இருக்கின்றன, பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

காலை உணவு என்றால் காகிதத்தில் சுற்றிய ரஸ்க், ஜாம் பாக்கெட், ஒரு கொர்னெத்தோ (பிறை வடிவ இனிப்பு ரொட்டி), மெஷின் காபி. அதற்கென்று தனிக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கி முதல் 'பார்' கடையில் (அங்கே பார் என்றால் காபிக் கடை) நின்றுகொண்டே கப்புச்சினோவும் கொர்னெத்தோவும் சாப்பிடுங்கள். உட்கார்ந்தால் விலை கூடும், சுற்றுலாப் பகுதிகளில் இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகும். சுத்த சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: பார்மிஜானோ, பெக்கொரினோ பாலாடைக்கட்டிகளில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். பாலாடைக்கட்டியே இல்லாத பிட்ஸா மரினாரா எல்லா இடத்திலும் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், தங்குபவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது 1931இலிருந்து இருக்கும் சட்டம். பதிவுசெய்ய ஐந்து நிமிடம் போதும், அங்கேயே நின்று திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை "நாளைக் காலையில் தருகிறேன்" என்று ஒருவர் மூன்று பாஸ்போர்ட்டையும் மேசை டிராயரில் போட்டார். காலையில் வேறு ஆள் ஷிஃப்டில் இருந்தார், டிராயர் சாவி அவரிடம் இல்லை. வாடிகனுக்கு முன்பதிவு செய்த நேரம் கைவிட்டுப் போனது.

ஓட்டல் நிஜமானதுதானா என்று பார்க்க இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து ஓட்டலோ வாடகை அறையோ எதுவானாலும் 'சின்' (CIN) என்ற தேசிய அடையாள எண்ணை விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் காட்ட வேண்டும். IT என்ற எழுத்துகளில் தொடங்கும். அது இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து வருவதற்கு ஒரு கணக்கு. ஃபியுமிச்சினோவிலிருந்து தெர்மினிக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ, மூன்று பேருக்கு 42. பழைய ரோம் நகரைச் சுற்றிக் கட்டிய அவுரேலியன் மதிலுக்கு உள்ளே எங்கே இறங்கினாலும் நகராட்சி டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, தலைக்கு அல்ல, வண்டிக்கு. தெர்மினி மதிலுக்கு உள்ளேதான். பதின்மூன்று யூரோ வித்தியாசத்தில் பெட்டியோடு ஓட்டல் வாசலிலேயே இறங்கலாம், பெரியவர்களோடு வரும் முதல் நாளுக்கு அது தகும். வெளியே வந்து வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள், உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள். ரே தி ரோமா பக்கம் தங்கினால் இந்தக் கட்டணம் பொருந்தாது.

இனி உங்கள் கேள்விக்கு நேர் பதில். நீங்கள் பார்த்த அந்த ஓட்டலுக்கு இன்றைக்கே ஒரு மெயில் எழுதுங்கள். லிஃப்ட் தரையிலிருந்து தொடங்குகிறதா? முற்றத்தைப் பார்த்த அறை தர முடியுமா? குளியலறை அறைக்கு உள்ளேயா? இரவு எத்தனை மணி வரை ரிசப்ஷனில் ஆள் இருப்பார்? நான்கே கேள்வி. முற்றம் பார்த்த அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கும், ஆனால் விடிகாலைக் குப்பை லாரியும் கல் பாவிய தெருவில் உருளும் பெட்டிகளும் அங்கே கேட்காது. இரண்டு நாளில் நான்குக்கும் தெளிவாகப் பதில் வந்தால், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு புக் செய்துவிடுங்கள். லிஃப்ட் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.